ஒரு வசனம் அல்ல, ஒரு முழுப் படம்

போன ஆவணியில் புளியங்குடியில் எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணம். எலுமிச்சைச் சந்தை உள்ள ஊர். ஊறுகாய்க்கென்று ஒரு சாக்குப் பழம் நாலு நாள் முன்பே வீட்டில் வந்து இறங்கிவிட்டது. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து நறுக்கிக்கொண்டிருந்த அந்த ராத்திரியில், கல்லூரியில் படிக்கும் பையன் ஒருவன் மணப்பெண்ணின் நிச்சயதார்த்தப் படத்தைப் போட்டு, அதன் கீழே ஒரு சினிமா வசனத்தை எழுதி வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைத்தான். பெண்ணைப் பேயோடு ஒப்பிடும் அந்த வசனம் எல்லோருக்கும் தெரியும். அவளும் பார்த்தாள். ஒன்றும் பேசவில்லை. மருதாணி காயாத கையைத் தூக்கிப் பிடித்தபடி எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அந்த வசனம் 'நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்' படத்தில் வருவது. 2012 நவம்பர் 30 அன்று வெளியான படம். "அப்படி என்ன படம்லே அது? போடு, பாப்போம்" என்றாள் பெரியம்மா. அன்றிரவே டிவியில் போட்டோம்.

கதை சின்னது. கல்யாணம் நெருங்கிவிட்ட நேரத்தில் பிரேம் நண்பர்களோடு கிரிக்கெட் ஆடுகிறான். கேட்ச் பிடிக்கப் பின்னால் ஓடி விழுந்ததில் பின்மண்டையில் அடி. கடைசி ஒரு வருஷம் அப்படியே மறந்துபோகிறது. காதலித்த பெண்ணும் அந்த வருஷத்துக்குள்தான் இருக்கிறாள். நடந்ததைக் கேட்பான்; சொல்வார்கள்; சற்று நேரத்தில் அதையும் மறந்து முதலிலிருந்து கேட்பான். விஷயம் வெளியே தெரிந்தால் கல்யாணம் நின்றுவிடும் என்ற பயத்தில், மூன்று நண்பர்கள் அவனை மணமேடைவரை கொண்டுபோய்ச் சேர்க்கப் படும் பாடுதான் படம்.

இது கற்பனைக் கதை அல்ல. இந்தப் படத்தின் ஒளிப்பதிவாளர் சி. பிரேம்குமாருக்கு நிஜமாகவே நடந்தது. அதைத்தான் பாலாஜி தரணீதரன் தன் முதல் படமாக எடுத்தார். சம்பவத்தின்போது கூட இருந்த பகவதி பெருமாள், படத்தில் தானாகவே நடித்தார். அதனால்தான் அந்த நண்பர்களின் முகத்தில் தெரியும் கலவரம் நடிப்பாகவே தோன்றவில்லை. பிரேமாக நடிக்கும் விஜய் சேதுபதி அதே கேள்வியை ஒவ்வொரு முறையும் புதிதாகவே கேட்கிறார். அதே ஏற்ற இறக்கம், அதே வெள்ளந்தி முகம். முதல் தடவை சிரித்தோம். ஐந்தாம் தடவை வயிறு வலித்தது. அதற்கப்புறம் பெரியம்மா சிரிப்பதை நிறுத்திவிட்டு, "ஏ… இந்தப் பயலுக்கு நெசமாவே ஞாபகம் வராமப் போயிருமோ?" என்று கத்தியைக் கீழே வைத்தாள். சிரிப்புக்கு அடியில் அந்தப் பயம் கூடவே ஓடுகிறது. படத்தின் பலம் அதுதான்.

வரவேற்பு மேடையில் அந்த வசனம் வந்தபோது எங்கள் வீட்டில் யாரும் பெண்ணைப் பார்த்துச் சிரிக்கவில்லை. தான் உயிராய் நினைத்தவளே பக்கத்தில் நிற்கும்போது அவளை யாரென்று தெரியாமல் நிற்கிறான் ஒருவன். அவன் வாயைப் பொத்தப் பதறுகிறார்கள் நண்பர்கள். சிரிப்பு அந்தப் பதற்றத்தில் இருக்கிறது. அந்த ஒரு வரியை மட்டும் வெட்டியெடுத்து, அலங்காரம் செய்துகொண்ட பெண்களையெல்லாம் கேலி செய்ய வைத்துக்கொண்டது நம் தப்பு. படத்தின் தப்பு அல்ல.

படத்திலும் குறை உண்டு. இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் ஓடுகிறது, இடையில் கத்தரித்திருக்கலாம். அதைவிடப் பெரிய குறையைப் பெரியம்மாதான் சொன்னாள்: "அந்தப் பிள்ளைகிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கணும்லா?" சொல்லியிருக்க வேண்டும். கழுத்தை நீட்டப்போகிறவள் அவள். காயத்ரி நடித்த தனலட்சுமிக்கு மாலையும் கழுத்துமாக நிற்பதைத் தவிர வேறு வேலை தரவில்லை. ஹாலிவுட்டில் 2004-இல் வந்த '50 ஃபர்ஸ்ட் டேட்ஸ்' படத்தில் மறதி பெண்ணுக்கு. அங்கே பாரம் முழுவதும் காதலன் தலையில். இங்கே அதைச் சுமப்பவர்கள் நண்பர்கள். காதல் படம் என்று உட்கார்ந்தால், நட்பைப் பற்றிய படத்தைப் பார்த்துவிட்டு எழுந்திருப்போம்.

தெலுங்கு, மலையாளம், கன்னடம் என்று மூன்று மொழிகளுக்குப் போன கதை இது. பிரேம்குமாரும் பிறகு இயக்குநரானார். 2018-இல் '96', எதையுமே மறக்க முடியாத ஒருவனின் கதை. 2024-இல் 'மெய்யழகன்', கல்யாணத்துக்கு வந்த இடத்தில், தன்மீது பாசத்தைக் கொட்டும் ஒருவனின் பெயர் ஞாபகத்துக்கு வராமல் தவிக்கும் மனிதனின் கதை. ஞாபகத்தை இழந்து மீண்ட ஒருவர், ஞாபகத்தைப் பற்றியே எடுத்துக்கொண்டிருக்கிறார். அந்த இரண்டையும் பார்த்து உருகியவர்கள், இதையும் அவசியம் பார்க்க வேண்டும்.

ஆகவே, பார்க்கலாமா என்று கேட்டால் தாராளமாகப் பார்க்கலாம். வீட்டில் நாலு பேரைக் கூட்டிவைத்துப் பாருங்கள். செல்போனில் துண்டு துண்டாக வேண்டாம். தொடக்கத்திலிருந்து கடைசிவரை பாருங்கள். அந்த வசனத்தை இனி எந்தப் பெண்ணின் படத்துக்குக் கீழேயும் எழுதாதீர்கள்.