பங்குனியில் பார்த்த மனை

திண்டிவனம் மேம்பாலத்தை ஒட்டிய டீக்கடையில் அக்கா மகன் ஒரு வண்ணக் காகிதத்தை என் முன்னால் விரித்தான். ஒரகடம் பக்கம் கார் கம்பெனியில் வேலை. கையில் கொஞ்சம் சேமிப்பு, மீதிக்கு பேங்க் கடன். காகிதத்தில் பச்சையும் மஞ்சளுமாகக் கட்டம் கட்டமாய் மனைகள். மூலையில் ஒரு தென்னைமரம், ஒரு ஊஞ்சல்.

"பைபாஸ்லேர்ந்து அஞ்சே நிமிஷம் மாமா. சனிக்கிழமை டோக்கன் அட்வான்ஸ் குடுக்கணும்."

"மனையப் பாத்தியா?"

"பாத்தேன். நல்லா காஞ்ச, சமமான எடம்."

"எப்பப் பாத்த?"

"போன வாரம்."

போன வாரம் என்றால் பங்குனி. பங்குனியில் இந்த மாவட்டத்தில் பாதி ஏரிகள் கிரிக்கெட் மைதானமாகிவிடும். மனை காயாமல் என்ன செய்யும்? இன்னும் இரண்டு டீ சொன்னேன். ஒரு டீயில் முடிகிற பேச்சில்லை இது.

திண்டிவனத்தைச் சுற்றி ஏன் இத்தனை மனைப்பிரிவுகள் என்று அவனுக்கே தெரியும். சென்னை, புதுச்சேரி, விழுப்புரம், செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை, மரக்காணம் என்று ஐந்து பக்கமும் சாலை பிரிகிற ஊர். சாலை வந்தால் கல் நடுவார்கள். அதில் தப்பில்லை. ஆனால் கல் நடுவதற்கு முன் இது ஏரிப் பாசன பூமி. ஓர் ஊர் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக அடுத்த ஊர் ஏரிக்குத் தண்ணீர் போகும். இரண்டுக்கும் நடுவில் ஓடும் வாய்க்கால் கோடையில் வெறும் பள்ளம்போலக் கிடக்கும். நாலு லோடு செம்மண் கொட்டினால் பள்ளமும் போய்விடும். வரைபடத்தில் அது இன்னும் இருக்கும், மழைக்கும் அது நினைவிருக்கும்.

2024 நவம்பர் 30 ராத்திரியை அவனுக்கு ஞாபகப்படுத்தினேன். ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை. 50 சென்டிமீட்டர் என்றால் என்ன என்று காகிதத்தின் பின்பக்கம் கணக்குப் போட்டேன். அவன் வாங்கப்போகும் 1,200 சதுர அடி மனை ஏறக்குறைய 111 சதுர மீட்டர். அதன்மேல் அரை மீட்டர் தண்ணீர் என்றால் 55,000 லிட்டருக்கு மேல். 12,000 லிட்டர் பிடிக்கும் டேங்கர் லாரி நாலரை. இது உன் மனையில் மட்டும் விழுந்தது. பக்கத்து மனை, மேட்டு நிலம், எதிர் வயல் எல்லாவற்றின் தண்ணீரும் எந்தப் பக்கம் வரும்?

அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணை பெருகியது. அரசூரில் மலட்டாற்று வெள்ளம் தேசிய நெடுஞ்சாலையை மறித்தது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே ரயில் பாலத்தில் தண்ணீர் அபாய மட்டத்துக்கு ஏறி ரயில்கள் நின்றன. அரசாங்கம் போட்ட சாலைக்கும் பாலத்துக்குமே அந்தக் கதி.

"அப்ப இந்தப் பக்கம் எடமே வாங்கக் கூடாதா மாமா?"

"வாங்கு. ரெண்டு சாட்சிய விசாரிச்சிட்டு வாங்கு. ஒண்ணு பத்திரம், ஒண்ணு தண்ணி."

தண்ணீரை விசாரிப்பதற்குச் செலவில்லை. மனைக்குப் பக்கத்தில் ஆடு மேய்க்கிற பாட்டியிடம், புயல் அன்றைக்குத் தண்ணீர் எதுவரை நின்றது என்று கேள். முழங்காலையோ இடுப்பையோ தொட்டுக் காட்டுவார். அந்தக் கைதான் அளவுகோல். பழைய வீட்டுச் சுவரில் ஓதம் ஏறிய கோட்டைப் பார். ஊர்ப் பெயரையும் காதில் போட்டுக்கொள். தாங்கல், மடு, ஓடை என்று முடிகிற பெயர்கள் சும்மா வரவில்லை. நெடுஞ்சாலையில் தினமும் நீ கடக்கிற கூட்டேரிப்பட்டின் பெயருக்குள்ளேயே ஏரி இருக்கிறது. கடைசியாக, பக்கத்து ஏரியின் கலங்கல் எங்கே, அதிலிருந்து வழிகிற தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று நடந்தே போய்ப் பார்.

இனி பத்திரம். எல்லோரும் பத்திரத்தைத்தான் முதலில் கேட்பார்கள். நான் சர்வே எண்ணை முதலில் கேட்பேன். அது கையில் வந்தால் புல வரைபடமும் 'அ' பதிவேட்டு விவரமும் அரசின் இணையதளத்திலேயே கிடைக்கும். வரைபடத்தில் மனைக்குள்ளோ ஓரத்திலோ வாய்க்கால், வண்டிப்பாதை ஓடுகிறதா? பதிவேட்டில் நிலத்தின் வகை என்ன? ஏரி, ஓடை, வாய்க்கால், மேய்க்கால் புறம்போக்கு என்று இருந்தால் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடு. யார் எத்தனை தலைமுறையாக அங்கே இருந்தாலும் நீர்நிலைப் புறம்போக்கு உனக்குச் சொந்தமாகாது. ஆக்கிரமிப்பை அகற்றவே 2007இல் தனிச் சட்டம் போட்டிருக்கிறார்கள். கோயில் நிலமா, பஞ்சமி நிலமா என்றும் இந்தக் கட்டத்திலேயே பார்த்துவிட வேண்டும்.

பிறகு பட்டா. இங்கே பலர் அளவில் ஏமாறுகிறார்கள். பத்திரம் சதுர அடியிலும் சென்ட்டிலும் பேசும், பட்டா ஹெக்டேர் – ஏர் கணக்கில் பேசும். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஒரு ஏர் 100 சதுர மீட்டர், அதாவது 1,076 சதுர அடி, கிட்டத்தட்ட இரண்டரை சென்ட். பட்டாவில் 0–01.50 என்றிருந்தால் ஒன்றரை ஏர், சுமார் 1,614 சதுர அடி. பத்திரத்தில் 2,000 என்று எழுதியிருந்தால் மீதி 386 அடி எங்கே என்று விற்பவரிடம் கேள். சர்வேயரை வைத்து அளந்து கல் காட்டச் சொல். கல்லைக் காட்டாமல் கையைக் காட்டுகிறவர்களிடம் வாங்காதே.

வில்லங்கச் சான்று 30 வருஷத்துக்குப் போடு. அடமானம், பழைய விற்பனை எல்லாம் அதில் வரும். ஆனால் பதிவாகாத உயிலும் அண்ணன் தம்பிகளின் வாய்ப்பேச்சும் அதில் வராது. கோர்ட்டில் கிடக்கிற பாகப்பிரிவினை வழக்கும் பெரும்பாலும் தெரியாது. அதனால் மூலப்பத்திரத்திலிருந்து இன்றுவரை கைமாறிய சங்கிலியை ஒரு வக்கீலிடம் கொடுத்துப் படிக்கச் சொல். பூர்வீகச் சொத்து என்றால் வீட்டுப் பெண்களின் கையெழுத்தை முக்கியமாகக் கேள். தமிழ்நாட்டில் 1989இலும் நாடு முழுக்க 2005இலும் இந்துக் குடும்ப மகள்களுக்குச் சம பங்கு வந்துவிட்டது. "தங்கச்சி ஒண்ணும் சொல்லாது" என்று விற்பவர் சொன்னால், அந்தத் தங்கையே வந்து சொல்லட்டும்.

அவன் காகிதத்தைத் திருப்பினான். "பஞ்சாயத்து அப்ரூவல்னு போட்டிருக்கே மாமா?"

மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தர வேண்டியது நகர் ஊரமைப்புத் துறை. மக்கள் வாயில் டிடிசிபி. பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்து அதற்கு ஈடாகாது. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்ய 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டபோது, இப்படி வாங்கிய எத்தனையோ பேர் விற்கவும் முடியாமல் கட்டவும் முடியாமல் நின்றார்கள். பிறகு 2017இல் வரன்முறைத் திட்டம் வந்தது. 2016 அக்டோபர் 20க்கு முன் விற்ற மனைகளைக் கட்டணம் கட்டி முறைப்படுத்தலாம் என்றார்கள். அந்தத் தேதிக்குப் பிறகு அங்கீகாரம் இல்லாமல் போட்ட மனையை அதில் சேர்க்க முடியாது. அதோடு 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில், அதாவது ரேராவில், பதிவாகியிருக்க வேண்டும். அந்த எண்ணை வாங்கி நீயே இணையத்தில் போட்டுப் பார். ஊஞ்சல் படம் போட்ட இடம் அங்கே பூங்காவாகத்தான் இருக்கிறதா என்பதும் தெரியும்.

பணக் கணக்கில் பதிவுச் செலவை மறக்காதே. கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9. பத்து லட்சத்துக்கு 90,000. இதைக் கணக்கில் வைக்காமல் அட்வான்ஸ் கொடுத்தவர்கள் கடைசி வாரத்தில் வட்டிக்கு அலைவார்கள்.

மனை அமைந்துவிட்டது என்று வைத்துக்கொள். கட்டும்போதும் அதே கேள்விதான். முதலில் ஐந்தாறு அடிக்கு ஒரு குழி வெட்டி மண்ணைப் பார். செம்மண், சரளை என்றால் கவலை குறைவு. களிமண் என்றால் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கி வெடிக்கும். மேலே இருக்கிற சுவரும் கூடவே விரிசல் விடும். அங்கே கடக்கால் எவ்வளவு ஆழம், எந்த மாதிரி என்பதை மேஸ்திரியின் அனுபவத்துக்கு விடாமல் ஒரு பொறியாளரைப் பார்த்துச் சொல்லச் சொல். பேஸ்மட்டத்தை ரோட்டிலிருந்து மூன்றடியாவது தூக்கு. ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் அது உயரும், உன் வீடு அப்படியே நிற்கும். செப்டிக் டேங்குக்கும் போர் குழாய்க்கும் 50 அடி இடைவெளி விடு. தண்ணீர் மேலே வருகிற இடத்தில் உறை இறக்கிய செப்டிக் வேண்டாம். மழைக்காலத்தில் அது எதிர்த் திசையில் வேலை செய்யும்.

கலவைக்குத் தண்ணீர் ஊற்றுகிறவரின் கையைப் பார்த்துக்கொண்டே இரு. 50 கிலோ சிமென்ட் மூட்டைக்கு 25 லிட்டர் போதும். தளதளவென்று இருந்தால் வேலை சுலபம் என்று கூட ஒரு குடம் ஊற்றுவார்கள், அந்தக் குடத்தில்தான் தளத்தின் பலம் போகும். போட்ட பிறகு நிலைமை தலைகீழ். இரண்டு வாரம் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்து. மரக்காணம் பக்கம் கட்டுவதாயிருந்தால் போர் தண்ணீரை முன்கூட்டியே பரிசோதனைக்குக் கொடு. உப்பளம் இருக்கிற மண். உப்புத் தண்ணீர் கலந்தால் உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்துப் பெருத்து, காரையைப் பிளந்துகொண்டு வெளியே வரும்.

"புதுசா கட்டறதுக்குப் பதிலா பழைய வீடா வாங்கினா?"

வாங்கலாம். என் தவற்றையும் கேட்டுக்கொள். செஞ்சி பக்கம் எங்கள் தாத்தா வீட்டுச் சுவர் மண்ணும் சுண்ணாம்பும். அங்கங்கே உதிர்ந்திருந்தது. கெட்டியாக இருக்கட்டும் என்று சிமென்ட் பூசினேன். இரண்டு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை, பூச்சு பாளம் பாளமாக விழுந்தது. மண் சுவர் கீழேயிருந்து உறிஞ்சும் ஈரத்தைச் சுண்ணாம்புப் பூச்சு வழியே வெளியே விடும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிட்டது. பழைய சுவருக்குச் சுண்ணாம்பே பூச வேண்டும் என்று அப்புறம்தான் படித்தேன். மண் சுவர் என்றாலே மட்டம் என்று நினைக்காதே. பக்கத்திலேயே ஆரோவில்லில் 1989 முதல் இயங்கும் எர்த் இன்ஸ்டிட்யூட்டில், உள்ளூர் மண்ணோடு சுமார் 5 சதவீதம் சிமென்ட் சேர்த்து அழுத்திய கல்லால் மாடி வீடே கட்டக் கற்றுத் தருகிறார்கள்.

பராமரிப்புக்கு ஒரு மாதம் போதும், புரட்டாசி. மாடியைக் கூட்டு, மழைக்குழாய் வாயில் கிடக்கும் சருகை எடு, கைப்பிடிச் சுவரில் அரசஞ்செடி முளைத்திருந்தால் வேரோடு பிடுங்கு. ஒரு வாளித் தண்ணீரை மாடியில் கொட்டி எங்கே தேங்குகிறது என்று பார். தேங்குகிற இடத்தில் தட்டோட்டின் இணைப்பை அடை. உள்ளே கறை தெரிந்ததும் பெயின்ட்காரரைக் கூப்பிடாதே. கறை இருக்கிற இடம் வேறு, தண்ணீர் நுழைகிற இடம் வேறு. நுழைகிற இடம் சில சமயம் மாடிக் குளியலறைக் குழாயின் அடியில் இருக்கும்.

டீ ஆறிப்போயிருந்தது. அவன் போனை எடுத்து புரோக்கரைக் கூப்பிட்டான்.

"அண்ணே, மனை புடிச்சிருக்கு. சர்வே நம்பர மட்டும் அனுப்புங்க. கார்த்திகைல இன்னொரு தடவ வந்து பாத்துட்டு அட்வான்ஸ் தரேன்."

எதிர்ப்பக்கக் குரல் எனக்கே கேட்டது. "கார்த்திகை வரைக்குமா? அதுக்குள்ள வெல ஏறிடும் சார்!"

"ஏறட்டும்ணே," என்றான். "தண்ணி எவ்ளோ ஏறுதுன்னும் அப்பப் பாத்துக்கலாம்."