வளர்த்துக் கொடுக்கும் பிள்ளைகள்

"நாய்க்குட்டி வேண்டும்" என்று பிள்ளை அடம் பிடிக்கிறான். வாங்கிக் கொடுத்தால் இரண்டு நாள் கொஞ்சல். மூன்றாம் நாளிலிருந்து சோறு வைப்பது யார்? அம்மாதான்!

அமெரிக்காவில் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். 1902-ல் ஒஹையோ மாநிலத்தில் முளைத்து, பின்னர் 'ஃபோர்-எச்' என்று பெயர் பெற்றது ஒரு சிறுவர் சங்கம். அதன் நாய்ப் பயிற்சியில் சேர்ந்தால் தீனி, குளிப்பாட்டல், செலவுக் கணக்கு எல்லாம் பிள்ளையின் பொறுப்பு. "உட்கார்", "இரு", "வா" என்று பழக்குவதும் அவன்தான். இன்று ஒரு சொல், நாளை ஒரு சொல் என்றால் குட்டி குழம்பிவிடும். சொன்னபடி நடந்த கணமே தட்டிக் கொடுக்க வேண்டும். தாமதித்தால் எதற்குப் பாராட்டு என்று அதற்குப் புரியாது.

கடினமான பாடம் ஒன்றும் உண்டு. பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய்களைப் பழக்கும் 'ஸீயிங் ஐ' நிலையம், 1942-ல் நியூஜெர்ஸியில் இச்சங்கப் பிள்ளைகளிடம் குட்டிகளை ஒப்படைக்கத் தொடங்கியது. ஏழெட்டு வாரக் குட்டியை வாங்கி, ஓராண்டுக்கு மேல் வளர்த்து, கடைவீதிக்கும் கூட்டத்துக்கும் பழக்கி, பிறகு திருப்பித் தந்துவிட வேண்டும்!

காலடியில் கிடந்த குட்டியைப் பிரியும்போது கண் கலங்கத்தான் செய்யும். ஆனால், முன்பின் தெரியாத ஒருவர் அதன் துணையோடு தெருவைக் கடந்து வேலைக்குப் போவார். பெண்ணை வளர்த்துப் பிறர் வீட்டுக்கு அனுப்பிய தாய்மாருக்கு, அந்தப் பிள்ளையின் மனம் புரியாமலா போகும்?