பேச்சை மட்டும் நிறுத்தாதீர்கள்!

ஓமலூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்கு நீங்கள் போயிருக்கிறீர்களா? ஒரே கிணறு, இரண்டு பங்காளிகள். என்றோ ஒரு நாள் தண்ணீர் முறையில் வாய்த் தகராறு வந்திருக்கும். அதோடு பேச்சு நின்றிருக்கும். கல்யாணத்துக்குப் பத்திரிகை கிடையாது. காதுகுத்துக்கு அழைப்புக் கிடையாது. ஆனால், எதிர் வீட்டில் ஒரு சாவு விழுந்துவிட்டால்? "நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போக வேண்டும்" என்பார்கள். தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முதல் ஆளாக வந்து நிற்பவர் அந்தப் பங்காளியாகத்தான் இருப்பார்!

அதுவரையில் காத்திருக்கத்தான் வேண்டுமா?

ஓமலூருக்குப் பக்கத்திலுள்ள சேலத்தில் வக்கீலாக இருந்து, 1917-ல் அந்த நகரசபைக்குத் தலைவரானவர் ராஜாஜி. அதே காலத்தை ஒட்டி ஈரோடு நகரசபைத் தலைவராக இருந்தவர் பெரியார் ஈ. வெ. ரா. சிநேகம் வளர்ந்தது. பெரியாரைக் காங்கிரசுக்கு அழைத்து வந்ததே ராஜாஜிதான்.

1925-ல் பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறினார். இருவரும் எதிரெதிர் அணியானார்கள். ராஜாஜி சென்னை மாகாண மந்திரிசபைக்குத் தலைமை வகித்தபோது பள்ளிகளில் கட்டாய இந்தி வந்தது. எதிர்த்த பெரியார் 1938-ல் சிறை சென்றார். சிறையில் அடைத்தது சிநேகிதருடைய சர்க்கார்! மனம் புண்பட இதைவிட வேறென்ன வேண்டும்?

ஆனால் 1949-ல், தம் சொந்த வாழ்க்கையைப் பற்றி யோசனை கேட்கப் பெரியார் திருவண்ணாமலையில் யாரைச் சந்தித்தார், தெரியுமா? அப்போது கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜியைத்தான்!

அதற்காகக் கொள்கையை விட்டுக் கொடுத்தாரா? அதுதான் இல்லை. 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த ஆரம்பக் கல்வித் திட்டத்தைக் 'குலக் கல்வி' என்று சாடி, முன்னணியில் நின்றார். மறு வருஷம் ராஜாஜி பதவி விலகினார்.

1972 டிசம்பர் 25-ல் ராஜாஜி காலமானார். சக்கர நாற்காலியில் மயானத்துக்கு வந்த 93 வயதுப் பெரியார், கண்ணீர் விட்டு அழுதார். சரியாக ஓராண்டு நிறைவதற்கு ஒரு நாள் முன்னதாக, 1973 டிசம்பர் 24-ல், அவரும் மறைந்தார்.

மன்னித்துவிட்டால், "நீ செய்ததே சரி" என்று ஒப்புக்கொண்டதாகிவிடுமோ என்று நாம் பயப்படுகிறோம். நியாயத்தை விட வேண்டியதில்லை. வன்மத்தை விட்டால் போதும்.

கிணற்று வழக்கு முன்சீப் கோர்ட்டில் நடக்கிறதா? நடக்கட்டும். ஆனால், வரப்பில் ஓடி வரும் பங்காளி வீட்டுக் குழந்தையைப் பார்த்து, "சாப்பிட்டாயா, கண்ணு?" என்று கேட்பதற்கு எந்தக் கோர்ட்டும் தடை உத்தரவு போடவில்லையே!