3 மாதம் மடத்தை விட்டு நகரக்கூடாது.. புத்த பிக்குகளின் மழைக்கால விரதம்! அம்மாவுக்கு உடம்பு சரியில்லைன்னா என்ன செய்வாங்க?

தாய்லாந்துல ஜூலை மாதம் பௌர்ணமி முடிஞ்ச மறுநாள், நாடு முழுக்க உள்ள புத்த மடங்கள்ல பிக்குகள் ஒன்றாகக் கூடி ஒரு உறுதிமொழி எடுப்பாங்க. 'அடுத்த 3 மாதமும் இதே மடத்தில்தான் தங்குவேன்' என்பதுதான் அது. பாலி மொழியில் இதற்குப் பெயர் 'வஸ்ஸா'. தாய்லாந்து மக்கள் இதை 'காவ் பன்சா' என்கிறார்கள். இலங்கையில் 'வஸ்' என்று சொல்வார்கள்.

நம்ம ஊர்ல சங்கர மடங்களின் துறவிகளும், சமண முனிவர்களும் மழைக்காலத்தில் ஒரே இடத்தில் தங்கும் சாதுர்மாஸ்ய விரதம் தெரியும்ல? கிட்டத்தட்ட அதே மாதிரிதான் இதுவும்.

எதற்காக இந்த விதி?

புத்தர் காலத்தில் பிக்குகள் ஊர் ஊராக நடந்துகொண்டே இருப்பார்கள். மழைக்காலத்திலும் அப்படி நடந்ததால் இளம்பயிர்கள் மிதிபட்டன, மண்ணில் இருந்த சின்னச் சின்ன உயிர்கள் செத்தன. 'மற்ற துறவிகள் எல்லாம் ஒரு இடத்துல தங்குறாங்க, பறவைகூட மரத்துல கூடு கட்டி இருக்குது, இவங்க மட்டும் ஏன் மிதிச்சுக்கிட்டே போறாங்க?' என்று மக்கள் குறைபட்டார்கள். அதன் பிறகே புத்தர் இந்த விதியைக் கொண்டுவந்தார் என்கிறது பிக்குகளுக்கான விதிகளைச் சொல்லும் விநய பிடகம்.

அப்படின்னா வெளியே காலே வைக்கக்கூடாதா?

அப்படி இல்லை. காலையில் பிச்சை எடுக்கப் போகலாம், பகலில் வேலையாக வெளியே போய் வரலாம். ஆனால் பொழுது விடியும்போது மடத்தின் எல்லைக்குள் இருக்க வேண்டும். தங்கும் இடத்துக்கும் விதி இருக்கு. மரப்பொந்து, திறந்தவெளி, குடைக்குக் கீழே எல்லாம் வஸ்ஸா இருக்க அனுமதி கிடையாது. தலைக்கு மேல் சரியான கூரை வேண்டும்.

அம்மாவுக்கு உடம்பு சரியில்லைன்னா?

இங்கதான் இந்த விதியின் மனசு தெரியும். அவசரத் தேவைக்கு 7 நாள் வரை வெளியே தங்கிவிட்டு வரலாம். அதிலும் அம்மாவோ, அப்பாவோ நோயில் படுத்தால், அவர்கள் கூப்பிட்டு அனுப்பணும்னு அவசியமில்லை. தெரிந்த உடனே கிளம்பலாம். உடன்பிறந்தவர்கள் என்றால், ஆள் அனுப்பிக் கூப்பிட்டால் போகலாம். வீட்டைத் துறந்து வந்தவர்தான், ஆனால் பெற்றவர்களைக் கவனிக்கும் கடமையை விரதத்தின் பெயரால் தட்டிக்கழிக்கச் சொல்லவில்லை.

அதேபோல வெள்ளம், தீ, கொள்ளையர், காட்டு விலங்கு என உயிருக்கு ஆபத்து வந்தாலும், சாப்பாடு கிடைக்காவிட்டாலும் மடத்தை விட்டுப் போகலாம். அது குற்றமாகாது.

மக்களுக்கு என்ன வேலை?

தாய்லாந்தில் நிறைய ஆண்கள் வாழ்க்கையில் ஒருமுறை, இந்த 3 மாதத்துக்கு மட்டும் தற்காலிகமாகத் துறவு பூணுவார்கள். பிறகு வீட்டுக்கே திரும்பிவிடலாம். இதற்காக அரசு ஊழியர்களுக்கு 120 நாள் வரை சம்பளத்தோடு விடுப்பு உண்டு.

மின்சாரம் இல்லாத காலத்தில் பிக்குகள் இரவில் படிக்க மெழுகுவர்த்தி கொடுத்தார்கள். இப்போ பலர் பல்பும் டியூப்லைட்டும் கொடுக்கிறார்கள். ஆனாலும் பழைய வழக்கம் போய்விடவில்லை. உபோன் ரட்சதானி நகரில் மெழுகில் செதுக்கிய பெரிய பெரிய சிற்பங்கள் ஊர்வலமாக வரும். இந்த 3 மாதமும் மதுவைத் தொடமாட்டேன் என்று சபதம் எடுப்பவர்களும் உண்டு.

எப்படி முடியும்?

அக்டோபர் பௌர்ணமியன்று விரதம் முடியும். அன்று நடக்கும் சடங்குக்குப் பெயர் 'பவாரணை'. 3 மாதம் ஒரே கூரையின் கீழ் இருந்தால் உரசல் வராமலா இருக்கும்? அதனால் ஒவ்வொரு பிக்குவும் மற்றவர்கள் முன் அமர்ந்து, 'என்னிடம் குறை எதையாவது பார்த்திருந்தாலும், கேட்டிருந்தாலும், சந்தேகப்பட்டிருந்தாலும் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன்' என்று கேட்க வேண்டும். முதலில் கேட்பவர் யார் தெரியுமா? கூட்டத்திலேயே மூத்த பிக்கு!

அதன் பிறகு வரும் ஒரு மாதத்துக்குள் மக்கள் துணி தானம் கொடுப்பார்கள். இதுதான் 'கடின' விழா.

இன்னொரு சுவாரஸ்யமான விஷயம். ஒரு பிக்குவின் அனுபவத்தை அவர் பிறந்த வருஷத்தை வைத்துக் கணக்கிட மாட்டார்கள், 'எத்தனை வஸ்ஸா முடித்தார்?' என்றுதான் கேட்பார்கள். 5 வஸ்ஸாவாவது ஆசிரியரின் கீழ் இருக்க வேண்டும். குறைந்தது 10 முடித்தால்தான் இன்னொருவருக்குத் துறவு கொடுக்கும் தகுதியே வரும். ஆக, 60 வயதில் துறவியானவர், 10 மழைக்காலம் பார்த்த 30 வயது பிக்குவை வணங்கித்தான் ஆகணும்!