ஒன்றரை இட்லிக்கு இருபது நிமிடம்!

நாங்குநேரிப் பேருந்து நிலையத்தருகே சென்ற வாரம் ஒரு பழைய தோழரைக் கண்டோம். முதலில் அடையாளம் தெரியவில்லை. கூட்டத்திற்குக் கொடி கட்ட அவர் ஏணியில் கால் வைத்தால், 'ஏணி தாங்குமா?' என்று கேலி பேசுவோமே, அந்தத் தோழர்தான். நாமும் பேசியவர்கள்தாம், மறைப்பானேன்! 128 கிலோ இருந்த மனிதர் இன்று 86 கிலோ. சட்டை தோளிலிருந்து நழுவுகிறது. கன்னத்தில் தோல் தொங்குகிறது. முகத்தில் மட்டும் பழைய சிரிப்பு.

பதினோரு மாதத்திற்கு முன் அரசு மருத்துவமனை ஒன்றில் அவருக்கு உடல் எடைக்கான அறுவை சிகிச்சை நடந்தது. நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் ஒருசேரப் பிடித்து ஆட்டிய நிலையில், டாக்டர்கள் எடுத்துச் சொல்ல, இணங்கினார். களக்காட்டிலிருந்து நாகர்கோவிலுக்கு வாழைத்தார் ஏற்றிச் செல்லும் வண்டியின் ஓட்டுநர் அவர்.

"இப்போது எப்படி இருக்கிறீர்கள்?" என்றோம்.

"ஒண்ணரை இட்லிதான் அண்ணாச்சி இறங்குது. அதுக்கே இருபது நிமிசம் ஆவுது. மொதலாளி கடியாரத்தப் பாக்காரு" என்றார்.

அந்த ஒரு பேச்சு நம்மை ஒரு வாரமாய் உறங்கவிடவில்லை. அதனால்தான் இன்று இதை எழுதுகிறோம்.

'இதெல்லாம் பணக்காரர் நோய். தொழிலாளியின் ஏட்டில் இதற்கென்ன வேலை?' என்று கேட்கும் தோழர்கள் உண்டு. மத்திய அரசே எடுத்த கணக்கைச் சொல்லுகிறோம். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்கு 40 பெண்களும் 37 ஆண்களும் அளவுக்கு மீறிய எடையுள்ளவர்கள். உயரத்தை மீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, வந்த தொகையால் எடையை வகுத்தால் 25-க்கு மேல் நிற்பவர்கள் இவர்கள். இத்தனை பேரும் மாளிகைவாசிகளா? இரவு இரண்டு மணிக்கு நெடுஞ்சாலைக் கடையில் புரோட்டாவும் சால்னாவும் அல்லாமல் வேறு உணவு கிடைக்காத ஓட்டுநன் எந்த மாளிகையில் வாழ்கிறான்? பத்து மணி நேரம் குனிந்து பீடி சுற்றும் தாய் எந்த அரண்மனைக்காரி? வயிறு நிறைய மலிவாய்க் கிடைப்பது மாவும் எண்ணெயும் சர்க்கரையும். உடம்பு அதைத்தான் சேர்த்து வைக்கிறது.

நாங்குநேரிக் கோயிலில் ஓர் எண்ணெய்க் கிணறு உண்டு. சாமிக்கு ஆட்டிய எண்ணெய் அதில் சேருகிறது. தோல் நோய்க்கு மருந்தென்று மக்கள் வாங்கிப் போகிறார்கள். நம்புவோர் நம்பட்டும், அது இன்றைய வழக்கு அல்ல. ஆனால் ஒரு முறை பூசினால் தீர்ந்தது என்ற அதே எண்ணத்தோடு அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்களைப் பார்க்கிறோம். அங்கேதான் ஆபத்து. கத்தி தன் வேலையை இரண்டு மூன்று மணி நேரத்தில் முடித்துவிடும். மிச்ச வேலை ஆயுள் முழுதும் இருக்கிறது.

நடப்பது என்ன? இப்போது பெரிதும் செய்யப்படுவது இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடும் முறை. எஞ்சுவது வாழைப்பழம் போன்ற ஒரு குழல். "களக்காட்டுக்காரன் வயித்துலயும் வாழப்பழம்தான் அண்ணாச்சி" என்று நம் தோழர் சிரிக்கிறார். பசியைத் தூண்டும் சுரப்பு பெரும்பாலும் வெட்டியெறிந்த பகுதியில்தான் உற்பத்தியாகிறது. ஆகவே முதல் சில மாதங்களுக்குப் பசியும் அடங்கியிருக்கும். இன்னொரு முறை, இரைப்பையைச் சிறு பையாக்கிச் சிறுகுடலோடு நேரே இணைத்துவிடுவது. வயிற்றுப் புண்ணுக்காக இரைப்பையை வெட்டிய நோயாளிகள் மெலிவதைக் கவனித்த எட்வர்டு மேசன் என்ற அமெரிக்க டாக்டர், 1966-67-இல் அயோவாவில் தொடங்கி வைத்த வழி அது.

சிகிச்சை முடிந்த மறுநாள் கிடைத்தது மருந்து மூடியில் அளந்த தண்ணீர், மடக்கு மடக்காக. பிறகு இரண்டு வாரம் பருப்புத் தண்ணீர், கஞ்சித் தெளிவு, மோர். அதன் பின் மசித்தவை: உளுந்தங்கஞ்சி, குழைத்த பருப்பு, கரைத்த இட்லி. பின்னர் வேகவைத்த முட்டை, முள் நீக்கிய மீன். இரண்டாம் மாத அளவில்தான் வீட்டில் மற்றவர் உண்பதை அவரும் உண்ண முடிந்தது, கையளவுக்கு.

இங்கேதான் தோழர்களும் தோழர்தம் துணைவியரும் ஒன்றைக் கருத்தில் வாங்க வேண்டும். இருக்கும் இடமோ ஒரு தேநீர் டம்ளர் அளவு. அதில் முதலில் சோறு போய் உட்கார்ந்துகொண்டால் முட்டைக்கும் பயறுக்கும் இடம் ஏது? நாளொன்றுக்கு 60 கிராம் புரதமாவது வேண்டும் என்கிறார்கள் டாக்டர்கள். ஒரு முட்டையில் இருப்பதோ 6 கிராம்தான். புரதம் குறைந்தால் கொழுப்போடு சேர்ந்து தசையும் கரையும். பாரம் தூக்க வேண்டிய கை ஓய்ந்துபோகும். ஆகவே மீன், முட்டை, உளுந்து, பயறு, தயிர் ஆகியவை முதலில். சோறு கடைசியில், இடமிருந்தால். நெல்லைச் சீமையின் உளுந்தங்களியும் பயற்றங்கஞ்சியும் இதற்கென்றே பிறந்தவை போல இருக்கின்றன. களியில் கருப்பட்டியை மட்டும் குறைத்துக் கொள்ள வேண்டும்.

அல்வா? அதைக் கேட்காத நெல்லைக்காரன் உண்டா! குடலோடு இணைக்கும் முறையில் சிகிச்சை செய்தவர்களைத்தான் இது மிகுதியாய் வாட்டும். இனிப்பு நேராகக் குடலில் போய் விழுகிறது. அரை மணிக்குள் வியர்த்துக் கொட்டும், நெஞ்சு படபடக்கும், வயிற்றைப் பிசையும். சிலருக்கு ஒன்றிரண்டு மணி கழித்துச் சர்க்கரை சரேலென்று இறங்கித் தலை சுற்றும். ஸ்டியரிங் பிடித்தவனுக்கு அந்தத் தலைசுற்றல் எப்பேர்ப்பட்ட ஆபத்து! பழைய அளவிலேயே நீரிழிவு மாத்திரையை விழுங்கிக்கொண்டிருந்தாலும் இதே கதிதான். எடை இறங்க இறங்க டாக்டரைக் கேட்டு மாத்திரையையும் இறக்க வேண்டும்.

சாப்பிடும்போது தண்ணீர் கூடாது; அரை மணி கழித்துத்தான். அதையும் ஒரே மூச்சில் குடிக்க முடியாது. நாங்குநேரி வெயிலில் இது சிறிய தண்டனை அல்ல. நம் தோழர் பாட்டிலை மடியிலேயே வைத்துக்கொண்டு வழிநெடுகச் சிறிது சிறிதாய் நனைத்துக் கொள்கிறார். மது அறவே ஆகாது. முன்னிலும் விரைவாய் இரத்தத்தில் ஏறும், பழக்கமும் பற்றும். பீடியும் ஆகாது. உடம்பு வலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை, குறிப்பாகக் குடல் இணைப்புச் செய்தவர்க்கு, புண்ணை உண்டாக்கும்.

'நாளெல்லாம் உழைக்கிறவனுக்கு உடற்பயிற்சி எதற்கு?' என்பது நம்மவர்களின் நிரந்தரக் கேள்வி. எட்டு மணி நேரம் இருக்கையில் அமர்ந்து ஓட்டுவது உழைப்புதான், ஆனால் காலுக்கு அது வேலை அல்ல. சிகிச்சை முடிந்த அன்றோ மறுநாளோ வார்டிலேயே நடக்க வைக்கிறார்கள். காலில் இரத்தம் கட்டாதிருக்க அது அவசியம். ஒரு மாதம், ஒன்றரை மாதம் கனம் தூக்கக் கூடாது. பிறகு நாள்தோறும் அரை மணி நடையும், தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும். நம் தோழர் விடியலில் குளத்துக்கரையில் நடக்கிறார். முதல் நாள் இரண்டு நாய்கள் துரத்தின என்றார். அன்று நடை சற்று வேகமாகவே அமைந்ததாம்.

மூன்றாம் மாதம் தலைமயிர் கொத்துக் கொத்தாய் உதிர்ந்தது. 'சீக்கோ?' என்று ஊர் கேட்டது. பெரும்பாலும் சில மாதத்தில் அது திரும்ப முளைத்துவிடும். ஊர் வாய்தான் அடங்காது. கல்யாண வீட்டில் 'ஏம்வே, எங்க வீட்டுச் சோறு இறங்காதோ?' என்று இலையில் அள்ளிக் கொட்டுகிறார்கள். மறுத்தால் மனத்தாங்கல், உண்டால் வாந்தி. வாந்தி விடாமல் தொடர்ந்தால் வைட்டமின் வற்றி நரம்பே கெடும் என்பது அந்த அன்பர்களுக்குத் தெரியாது. நம் கிளைக் கூட்டங்களும் குறைந்தவை அல்ல. மணிக்கொரு முறை சர்க்கரைத் தேநீர், முடிந்ததும் புரோட்டாப் பொட்டலம்!

இதுவரை சொன்னதெல்லாம் அவர் கையில் இருப்பவை. அவர் கையில் இல்லாதவற்றுக்கு வருவோம்.

நாளைக்கு ஐந்தாறு வேளை, வேளைக்கு இருபது முப்பது நிமிடம், மென்று மென்று உண்ண வேண்டும். மென்று உண்ண நேரம் கொடுப்பது யார்? 1961-ஆம் ஆண்டின் மோட்டார்ப் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், ஐந்து மணி நேர வேலைக்குப் பின் அரை மணி ஓய்வு என்று எழுதிற்று. அதுவும் ஐந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனத்துக்குத்தான். நம் தோழரின் முதலாளிக்கு இரண்டே வண்டிகள்! அந்தச் சட்டம் 2020-ஆம் ஆண்டின் புதிய தொகுப்புக்குள் கரைக்கப்பட்டு, 2025 நவம்பர் 21 முதல் தொகுப்பு நடைமுறைக்கு வந்துவிட்டது. பெயர்கள் மாறின, தோழரின் இருபது நிமிடம் மாறவில்லை.

முடியாத காரியமா இது? கடைகளில் நாள் முழுதும் நின்று கால் வீங்கிய ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டுமென்று 2021-இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் சட்டத்தைத் திருத்திற்றே! நாற்காலியைச் சட்டமாக்க முடிந்தவர்களுக்கு, டாக்டர் சீட்டுள்ள தொழிலாளிக்கு இரண்டு மணிக்கொரு முறை பத்துப் பதினைந்து நிமிடம் எழுதித் தர முடியாதா? ஒன்றரை மாதம் கனமில்லா வேலை என்று எழுத முடியாதா? ஈ.எஸ்.ஐ. உள்ளவனுக்கு ஆண்டில் 91 நாள் வரை எழுபது சதவீதக் கூலியாவது உண்டு. ஈ.எஸ்.ஐ. இல்லாத நம் தோழர் இருபத்தைந்தாம் நாளே வண்டியில் ஏறினார், தாரும் தூக்கினார். தையல் பிரியாதது அவர் நல்ல காலம்.

அடுத்து மாத்திரை. இரும்புச்சத்து, கால்சியம், பி12, டி வைட்டமின்கள் ஆயுள் முழுதும். இரும்பையும் கால்சியத்தையும் சேர்த்து விழுங்கலாகாது, இரண்டு மணி இடைவெளி வேண்டும். முதல் ஆண்டில் மூன்று நான்கு முறை, பிறகு ஆண்டுதோறும் இரத்தப் பரிசோதனை. சிகிச்சை இலவசம், இவையோ அவர் சட்டைப்பையிலிருந்து. 1965-இல் தொடங்கிய திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி, நாங்குநேரிக்கு 30 கிலோமீட்டர் தொலைவில் பாளையங்கோட்டையில்தான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு நாள் கூலி போகிறது. நான்காவது மாதம் மாத்திரையை நிறுத்திவிட்டாராம். "தெம்பாத்தான இருக்கோம், எதுக்குன்னு நெனச்சேன் அண்ணாச்சி" என்கிறார். அடுத்த பரிசோதனையில் இரத்தம் வற்றியிருந்தது.

கர்ப்பிணிகளுக்கு இரும்பு மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே தரப்படுகின்றன. அலமாரி இருக்கிறது, மாத்திரையும் இருக்கிறது. 2021 ஆகஸ்டு 5-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நீரிழிவுக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. அதே பையில் இன்னும் இரண்டு அட்டையைச் சேர்த்துப் போட்டால் என்ன குறைந்துவிடும்? நாங்குநேரி அரசு மருத்துவமனையிலேயே இரத்தம் எடுத்துப் பாளையங்கோட்டைக்கு அனுப்பி, முடிவை இங்கேயே சொன்னால் ஒரு நாள் கூலி மிஞ்சாதா?

எடை இறங்குவது ஒன்றரை ஆண்டோடு ஏறக்குறைய நின்றுவிடும் என்பதையும் மறக்கக் கூடாது. பிறகு பசி மெல்லத் திரும்பும். மென்று தின்ன நேரமற்றவன், கையில் கிடைத்த பிஸ்கட்டையும் தேநீரையும் கொண்டு பொழுதை ஓட்டுவான். எடை திரும்ப ஏறும். 'கட்டுப்பாடில்லாதவன்' என்று அப்போது ஊர் சொல்லும்.

நம் தோழருக்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. அவர் துணைவியார் மூன்று அடுக்குத் தூக்கு ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறார்: ஒன்றில் முட்டை, ஒன்றில் சுண்டல், ஒன்றில் தயிர். வள்ளியூரில் ஒரு நிறுத்தம், ஆரல்வாய்மொழியில் ஒரு நிறுத்தம் என்று முதலாளியிடம் கேட்டிருக்கிறார். "பாக்கலாம்" என்றாராம் முதலாளி. சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதை முதற்பொருளாக வைக்கும்படி நாம் கேட்டிருக்கிறோம். தேநீர் சர்க்கரையில்லாமல் வரட்டும்.