மணலை அளந்து வாங்குவோம்

மீளக் குடியமர்ந்து வீடு கட்டும் எமக்குச் சீமெந்தைப் போலவே மணலும் பெருஞ் செலவாகும். விலையை மட்டும் கேட்டு வாங்கினால் போதாது.

மணல் கியூப் கணக்கில் விற்கப்படுகிறது. ஒரு கியூப் 100 கன அடி. உழவு இயந்திரப் பெட்டியில் மணல் 8 அடி நீளம், 5 அடி அகலம், ஒன்றரை அடி உயரமாயின் அது 60 கன அடியே. முழுக் கியூபுக்குக் காசு கொடுத்தால் 40 கன அடி நட்டம். ஈர மணல் பொருமி நிற்கும். காய்ந்ததைவிடக் காற்பங்குவரை கூடத் தோன்றும். கலவைக்கு அளக்கும்போதும் இதைக் கவனிப்போம்.

கண்ணாடிப் போத்தலில் 4 அங்குலத்துக்கு மணலிட்டு, நீர் ஊற்றிக் குலுக்கி, 3 மணி நேரம் வைப்போம். மேலே படியும் சேறு கால் அங்குலத்தைத் தாண்டினால் அம்மணலைக் கழுவியே பாவிக்க வேண்டும். கொங்கிறீற்றுக்கும் கல் அரியவும் பருமணல் நல்லது. பூச்சுக்கு அரித்தெடுத்த மணல் வேண்டும். கழுவாத கடல் மணல் மலிவாயினும் வேண்டாம். அதன் உப்பினால் கம்பி கறள் பிடித்துக் கொங்கிறீற் வெடிக்கும்.

மணல் அகழவும் ஏற்றவும் அனுமதிப்பத்திரம் தேவை. அதைக் கேட்டுப் பார்த்தே வாங்குவோம். களவாக ஆற்றைத் தோண்டினால் ஆற்றுப்படுகை தாழும்; அயற் கிணறுகளின் நீரும் இறங்கும். வீடு எழும்பியும் கிணறு வற்றினால் எப்படிப் பயிர் செய்வோம்?