கரையிலிருந்து சுழியோடத் தக்க தீவு எது?

கரீபியன் கடலில், படகின்றிக் கரையிலிருந்தே சுழியோடி முருகைக்கற் பார்களைக் காண விழைவோர்க்கு எத்தீவு ஏற்றது? மெக்சிக்கோவின் கொசுமெல் தீவிற் பார்கள் சிறந்தனவெனினும் நீரோட்டம் வலிது. பெரும்பாலும் படகு வேண்டும். குரசோவிற் பாறைக் குன்றுகளிடையே அமைந்த சிறு குடாக்களிலிருந்து இறங்கலாம். பொனெயரிலோ மேற்குக் கரை நெடுகப் பார் அண்மையிலுளது. இறங்குமிடங்களை மஞ்சள் தீட்டிய கற்கள் காட்டுகின்றன. 1979 இல் அமைந்த கடற்பூங்கா 60 மீற்றர் ஆழம் வரை அதனைக் காக்கின்றது. ஆதலின் பொனெயரையே யாம் முதன்மையாகக் கொள்வோம்.

ஆயினும் 2023 இல் முருகைகளை அழிக்கும் கொடுநோயொன்று பொனெயரிலும் குரசோவிலும் புகுந்தது. ஒரு பாரிலிருந்து மறு பாருக்குச் செல்லுமுன் உடையையும் கருவிகளையும் தொற்றுநீக்கிக் கழுவுதல் வேண்டும். எளிதில் எய்தும் செல்வத்தைக் காத்தலும் நங்கடனன்றோ!